வெயிட்டட் கீ மிடி கன்ட்ரோலர்: கட்டையைப் பார்த்து வாங்குவதா, குமிழைப் பார்த்து வாங்குவதா?

மார்ச் 2, மாலை

கேள்வி: வீட்டு ஸ்டுடியோவுக்கு 88 கட்டை மிடி கன்ட்ரோலர் (தானே ஒலிக்காமல், வாசிப்பதைக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு) ஒன்று வாங்கணும். முக்கால்வாசி பியானோ, மீதி ஸ்ட்ரிங்ஸ், பேட் (நீண்டு ஒலிக்கும் சின்த் ஒலி), அப்பப்போ டிரம்ஸ். எல்லாப் பெட்டியிலும் "ஹேமர் ஆக்‌ஷன்" என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் கட்டை எல்லாம் ஒன்றுதானே? திருகும் குமிழும், தள்ளி ஏற்றி இறக்கும் ஃபேடரும் அதிகமாக இருப்பதை எடுத்தால் லாபம் என்று நினைக்கிறேன். மேசை அகலம் 120 செ.மீ.

மார்ச் 2, இரவு

முதலில் மேசை. வெள்ளைக் கட்டை மட்டும் 52. ஒன்று சுமார் 23.5 மி.மீ. ஆக கட்டைகளே 122 செ.மீ. ஆகிவிடும். இரு பக்கமும் பெட்டியின் ஓரம் சேர்ந்தால் 125-ஐத் தாண்டும். பிட்ச் பெண்ட், மாட் வீல் (சுரத்தை வளைக்கவும் அசைக்கவும் உருட்டும் சக்கரங்கள்) இரண்டும் இடது பக்கம் இருந்தால் இன்னும் நீளும். வீலைக் கட்டைக்கு மேலே வைத்திருந்தால் நீளம் குறையும், ஆழம் கூடும். உங்கள் மேசையில் எந்த 88-உம் உட்காராது. தனி ஸ்டாண்டு என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, கட்டை எல்லாம் ஒன்றல்ல. ஹேமர் ஆக்‌ஷன் என்றால் கட்டையை அழுத்தும்போது உள்ளே ஒரு எடைக்கோல் தூக்கப்படுகிறது என்பது மட்டும்தான் பொருள். அந்தக் கோல் எவ்வளவு நீளம், எடை எங்கே இருக்கிறது, கட்டை எந்த இடத்தில் அச்சில் ஊன்றியிருக்கிறது, எத்தனை சென்சார் என்பதெல்லாம் பெட்டியில் வராது. வாசிக்கும்போது கைக்குத் தெரிவது அதுதான். குமிழ் போதவில்லை என்றால் பிறகு தனியாக ஒரு சின்னப் பெட்டி சேர்த்துக்கொள்ளலாம். கட்டையைப் பிறகு மாற்ற முடியாது.

மார்ச் 3

"செமி வெயிட்டட்" பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதில் கட்டையைத் திருப்பித் தள்ளுவது ஸ்பிரிங். அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடும். ஹேமரில் நேர்மாறாக ஆரம்பத்தில்தான் கனம். எடை ஒருமுறை கிளம்பிவிட்டால் கட்டை தானாக இறங்குவதுபோல இருக்கும். மெதுவாக வாசிக்கும் பியானோவுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. ஆர்கன், சின்த் லீட், வேகமான டிரம் தட்டல் இவற்றுக்கு ஸ்பிரிங்தான் வசதி.

"கிரேடட்" என்று போட்டிருந்தால் இடது பக்கக் கட்டை கனமாகவும் வலது பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கும். நிஜப் பியானோவில் அப்படித்தான். பியானோவுக்கு நல்லது. இடது கையால் பேஸ் லைன் விறுவிறுவென்று போடுபவருக்கு அதே கனம் சுமை.

அளந்து பார்க்க விரும்பினால்: நடு சி கட்டையின் முன் விளிம்புக்கு அருகே சிறு எடைகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். கட்டை மெல்ல இறங்கத் தொடங்கும் எடைதான் இறக்க எடை. நல்ல கிராண்ட் பியானோவில் அது 50 கிராமைச் சுற்றி இருக்கும். கட்டை இறங்கும் ஆழம் சுமார் 10 மி.மீ.

மார்ச் 3, இரவு

காலையில் சொன்ன 50 கிராமைப் பிடித்துக்கொண்டு யாரும் முடிவெடுக்காதீர்கள். அது நிற்கும் கட்டைக்கான அளவு. வேகமாக அடிக்கும்போது விரல் உணர்வது ஹேமரின் ஜடத்துவத்தை. நிற்கும்போது ஒரே எடை காட்டும் இரண்டு கீபோர்டில் ஒன்று வேகத்தில் லேசாகவும் இன்னொன்று சேற்றில் கை விட்டதுபோலவும் இருக்கலாம். எடையை அடுக்குவது பழுதான கட்டையைக் கண்டுபிடிக்க உதவும். பக்கத்துக் கட்டையைவிட 15 கிராம் அதிகம் கேட்டால் அங்கே ஏதோ உரசுகிறது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை வேறு. ஒரு வெள்ளைக் கட்டையை முன் விளிம்பில் அழுத்துங்கள். பிறகு அதே கட்டையை உள்ளே, இரண்டு கறுப்புக் கட்டைக்கு நடுவே அழுத்துங்கள். கிராண்டில் கட்டையின் முன் விளிம்பிலிருந்து அச்சு வரை 20 செ.மீ.க்கும் மேல் இருக்கும், அதனால் உள்ளே போனாலும் கனம் கொஞ்சம்தான் கூடும். ஆழம் குறைந்த பெட்டிகளில் அச்சு மிகவும் முன்னால் வந்துவிடும். உள்ளே அழுத்தினால் கட்டை கல்லாக நிற்கும். பி மேஜர் கார்டு ஒன்றைப் பிடித்தால் கட்டைவிரல் உள்ளே போயே ஆக வேண்டும், ஐந்தே விநாடியில் தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையில் பாதிப் பேரின் பட்டியல் மாறிவிடும்.

மார்ச் 5

சென்சார் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான்.

பெரும்பாலான கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழி. அதற்குள் இரண்டு கரித்திட்டு. கட்டை இறங்கும்போது முதல் திட்டு சர்க்யூட் போர்டில் படும், அடுத்து இரண்டாவது படும். கீபோர்டு அழுத்தத்தை அளப்பதே இல்லை, இந்த இரண்டு தொடுதலுக்கும் இடைப்பட்ட நேரத்தைத்தான் அளக்கிறது. பலமான அடியில் சில மில்லி விநாடி, மெதுவான அழுத்தத்தில் பல பத்து மில்லி விநாடி. அந்த நேரம்தான் 1 முதல் 127 வரையான வெலாசிட்டி எண்ணாக, அதாவது அடியின் வேகத்தைச் சொல்லும் எண்ணாக மாறுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் கோளாறுகளும் புரியும். முதல் திட்டில் தூசு இருந்தால் அது தாமதமாகப் படும், இடைவெளி சுருங்கும், மெல்லத் தொட்ட சுரம் 127-ல் வெடிக்கும். இரண்டாவது திட்டில் தூசு என்றால் இடைவெளி நீளும், பலமாக அடித்தும் சத்தம் முனகலாக வரும், அல்லது வரவே வராது. ஒரே ஒரு கட்டை மட்டும் கத்துகிறது என்றால் மென்பொருளைக் குடையாதீர்கள், அது தூசுதான்.

சுத்தம் செய்வது: மின் இணைப்பை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, கட்டைகளைக் கழற்றி, ரப்பர் பட்டையை உரித்தெடுங்கள். எந்தப் பட்டை எந்தப் பக்கம் என்று முன்பே படம் பிடித்துக்கொள்ளுங்கள். போர்டின் தொடுபுள்ளிகளை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். கரித்திட்டை மட்டும் லேசாக ஒற்றி எடுங்கள், தேய்த்தால் கரி போய்விடும். திரும்பப் பொருத்தும்போது ரப்பரின் சிறு கால்கள் எல்லாம் துளைக்குள் முழுதாக இறங்க வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றாலும் அந்தக் கட்டை சத்தமாகவோ அமுங்கியோதான் பேசும். எத்தனையோ பேர் சுத்தம் செய்த பிறகு புதுக் கோளாறு வந்தது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

மூன்று சென்சார் இருந்தால் என்ன லாபம்? இரண்டு சென்சாரில் கட்டை ஏறக்குறைய மேலே வந்தால்தான் அதே சுரத்தை மறுபடி அடிக்க முடியும். மூன்றாவது நடுவில் இருப்பதால் பாதி ஏறியதுமே மறுபடி அடிக்கலாம், முன் சுரமும் வெட்டுப்படாது. ஒரே கட்டையை 3-2-1 விரல் மாற்றி வேகமாகத் தட்டிப் பாருங்கள். சுரம் விழுங்கப்பட்டால் அந்தக் கீபோர்டு உங்கள் வேகத்துக்குப் போதாது.

மார்ச் 6

"என்ன அடித்தாலும் 100-க்கு மேல் வரவில்லை, கீபோர்டு பழுதா?"

பழுது இல்லை, வெலாசிட்டி கர்வ் (எந்த அடிக்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் கோடு) பொருந்தவில்லை. ரெக்கார்டிங் மென்பொருளில் ஒரு மிடி ட்ராக் திறந்து மூன்று பகுதி பதிவு செய்யுங்கள். முடிந்தவரை மெல்ல 20 சுரம், சாதாரணமாக 20, உங்களால் இயன்ற பலத்தில் 20. கறுப்புக் கட்டையும் கலந்து வாசியுங்கள், இடது வலது இரு ஓரமும் தொடுங்கள். பிறகு எண்களை மட்டும் பாருங்கள், காதை நம்ப வேண்டாம். மெல்லிய பகுதி 15-30, சாதாரணம் 55-80, பலமானது 110-க்கு மேல் என்று பிரிந்தால் சரி. மூன்றும் 60-95-க்குள் குவிந்தால் கர்வ் வேண்டும்.

கர்வை ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். கீபோர்டிலும் வைத்து, பியானோ ப்ளக்-இன்னிலும் (கணினியில் பியானோ ஒலியைத் தரும் மென்பொருள்) வைத்தால் ஒன்றை ஒன்று பெருக்கி, நடுப்பகுதி காணாமல் போகும். என் வழி: கீபோர்டு நேர்கோட்டில், கர்வ் ப்ளக்-இன்னில். பதிவான மிடி தூய்மையாக இருக்கும்.

மார்ச் 8

மேலே "என் வழி" என்று எழுதியதைத் திருத்துகிறேன். சின்ன மாற்றத்துக்கு அது சரி, பெரிய மாற்றத்துக்குத் தவறு.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கை மென்மையிலிருந்து பலம் வரை 40 முதல் 95 வரைதான் தருகிறது என்று வையுங்கள். அது மொத்தம் 56 படி. அதை ப்ளக்-இன்னில் 1-127 ஆக இழுத்தாலும் படிகள் 56 தான், நடுவில் இடைவெளி விழும். அடுத்தடுத்த படிக்கு இரண்டு எண் தாவும், மெல்லிய பகுதியில் அது காதுக்கே கேட்கும். கீபோர்டு உள்ளே அளப்பது நேரத்தை. அது 127 படியாக நறுக்கப்படுவதற்கு முன்பே கர்வ் போட்டால் எல்லாப் படியும் கிடைக்கும். ஆகவே முதலில் கீபோர்டிலுள்ள கர்வ்களில் கைக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமிருக்கும் சின்னத் திருத்தத்தை மட்டும் ப்ளக்-இன்னில் செய்யுங்கள். வாங்கும்போது மூன்று கர்வ் மட்டுமே உள்ளதா, நாமே வரையலாமா என்று பாருங்கள். விரலால் தட்டும் பேடுகளின் எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

இந்த 127 படி என்பது 1983-ல் வந்த மிடி 1.0-வின் எல்லை. 2020-ல் வந்த மிடி 2.0-வில் வெலாசிட்டிக்கு 16 பிட். ஆனால் கீபோர்டு, இயங்குதளம், ப்ளக்-இன் மூன்றும் ஒத்துழைத்தால்தான் பலன். அதற்காக மட்டும் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டாம்.

மார்ச் 9

மாடல் பெயர் சொல்லச் சொல்கிறீர்கள். கட்டை அமைப்பு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

இத்தாலியின் ஃபாட்டார் நிறுவனம் பல பிராண்டுகளுக்குக் கட்டை அமைப்பு செய்து தருகிறது. ஸ்டுடியோலாஜிக் அவர்களுடைய சொந்த பிராண்டு. எஸ்எல்88 ஸ்டுடியோவில் டிபி/100எல்ஆர் என்ற கட்டை அமைப்பு, எஸ்எல்88 கிராண்டில் மரம் சேர்ந்த டிபி/40. இரண்டிலும் ஃபேடர் இல்லை, மூன்று ஜாய்ஸ்டிக் உண்டு. ஆர்டூரியா கீலேப் 88 எம்கே2-விலும் அதே டிபி/100எல்ஆர்தான், கூடவே 9 ஃபேடர், 16 பேடு. பிராண்டு வேறாக இருந்தாலும் கட்டையின் அடித்தளம் ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் சென்சார் போர்டும் கர்வும் அவரவர் சொந்தம், அதனால் வாசிப்பு அப்படியே ஒன்றாக இருக்காது.

ரோலண்ட் ஏ-88 எம்கே2-வில் அவர்களுடைய பிஎச்ஏ-4 கட்டை அமைப்பு. எஸ்கேப்மென்ட் உணர்வு உண்டு, அதாவது மிக மெதுவாக அழுத்தினால் பாதியில் ஒரு சிறு தடங்கல் தட்டுப்படும். ஆஃப்டர்டச் (இறங்கிய கட்டையை மேலும் அழுத்துவதை உணரும் வசதி) கிடையாது. காவாய் விபிசி1-ல் மரக்கட்டை, மூன்று சென்சார், மூன்று பெடல் கூடவே வரும். எடை 29.5 கிலோ, ஒருவர் தனியாகத் தூக்கிவைக்கும் சமாசாரம் இல்லை. அதில் பிட்ச் பெண்ட், மாட் வீல் இரண்டுமே இல்லை. பியானோ மட்டும் என்றால் அதுதான் மேல். ஸ்ட்ரிங்ஸும் வேண்டும் என்று கேட்டவருக்கு, அருகே ஒரு ஃபேடர் பெட்டி இல்லாமல் அது முழுமையாகாது.

மார்ச் 9, இரவு

ஸ்ட்ரிங்ஸ் பேச்சு வந்ததால்: வலது கை சுரத்தைப் பிடித்திருக்க, இடது கை சிசி 1, சிசி 11 (மிடியில் ஃபேடர், வீல் போன்றவற்றின் அசைவைச் சொல்லும் எண்கள்) இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றி இறக்க வேண்டும். ஒன்று அடுக்கின் கனத்துக்கு, மற்றது ஒலி அளவுக்கு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபேடர் இருந்தால் இரண்டு விரலில் முடியும். குமிழ் என்றால் ஒரு கைக்கு ஒன்றுதான். ஆகவே குமிழ் எட்டு, பத்து என்று எண்ணுவதைவிட, நீண்ட ஓட்டம் உள்ள ஃபேடர் இரண்டு போதும்.

88-க்கு இன்னொரு நியாயமும் இங்கே இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களில் வில் வாசிப்பு, பிசிகாட்டோ போன்றவற்றை மாற்றும் கீஸ்விட்ச்கள் பெரும்பாலும் கீழ்க் கோடியில் இருக்கும். 61 கட்டை கீபோர்டில் ஆக்டேவ் பொத்தானை அழுத்தி அழுத்தி அலைய வேண்டும். ஒரு எச்சரிக்கை: நடு சி-யின் மிடி எண் எங்கும் 60 தான். பெயர் மட்டும் சிலருக்கு சி3, சிலருக்கு சி4. கீஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்றால் ஒரு ஆக்டேவ் தள்ளி அழுத்திப் பாருங்கள்.

மார்ச் 11

பெடல். கூடவே தரும் சின்ன ஃபுட்ஸ்விட்ச் வெறும் ஆன்-ஆஃப். சிசி 64-ல் 0 அல்லது 127 மட்டுமே போகும். அரைப் பெடல் வேண்டுமென்றால் மூன்று விஷயம் சேர வேண்டும்: நடு அளவுகளையும் தரும் பெடல், அதைப் படிக்கும் கீபோர்டு ஜாக், அரைப் பெடலைப் புரிந்துகொள்ளும் ப்ளக்-இன். ஒன்று விட்டாலும் 64-க்குக் கீழே ஆஃப், மேலே ஆன் என்று பழைய கதைதான்.

பெடலை எடுத்தால் சுரம் நீள்கிறது, அழுத்தினால் நிற்கிறது என்றால் பொலாரிட்டி தலைகீழ். பெடலின் அடியில் ஸ்விட்ச் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் கீபோர்டை அணைத்து, பெடலில் கால் வைக்காமல் மறுபடி போடுங்கள், பல கீபோர்டுகள் இயங்கத் தொடங்கும் நொடியில்தான் பெடல் எந்த வகை என்று கணிக்கின்றன.

மார்ச் 12

"டிஜிட்டல் பியானோவையே கன்ட்ரோலராக வைத்துக்கொண்டால்?"

தாராளமாக. ரோலண்ட் எஃப்பி-10-ல் இருப்பதும் பிஎச்ஏ-4 ஸ்டாண்டர்ட்தான், எடை 12.3 கிலோ. யூஎஸ்பி வழி மிடி போகும். கணினி இல்லாமலும் வாசிக்கலாம் என்பது பெரிய வரம். வீல் இல்லை, ஃபேடர் இல்லை, அவ்வளவுதான் குறை.

லோக்கல் கன்ட்ரோலை அணைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பியானோவின் சொந்த ஒலியும் ப்ளக்-இன் ஒலியும் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரட்டையாகக் கேட்கும். அணைக்க வழி இல்லாத மாடலில் வால்யூமைப் பூஜ்யமாக்கினால் போதும். ப்ளூடூத் மிடி இருந்தாலும் வாசிப்புக்கு யூஎஸ்பி கேபிள்தான். ப்ளூடூத்தில் தாமதம் கூடுவதோடு ஏறி இறங்கவும் செய்யும், கை அதற்குப் பழகவே பழகாது.

மார்ச் 14

"வாங்கிய கட்டை ரொம்பக் கனம்" என்று எழுதியவருக்கு: கட்டையை மாற்றுமுன் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, பஃபர், அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி விநாடி, 256 என்றால் 5.3, 1024 என்றால் 21. இது பஃபர் மட்டும், டிரைவரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் தங்கள் பங்கைச் சேர்க்கும். ஒலி தாமதமாக வந்தால் விரல் தன்னையறியாமல் இன்னும் அழுத்தும், மூளை அதைக் கனம் என்றே படிக்கும். பதிவின்போது 128-க்கு இறக்குங்கள், மிக்ஸிங்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு, ஹெட்ஃபோன் ஒலி அளவு. ஒலி குறைவாக இருந்தால் எல்லோரும் ஓங்கி அடிப்பார்கள். ஒலியைக் கொஞ்சம் கூட்டி, கர்வை ஒரு படி லேசாக்கினால் அதே கட்டை பாதி எடையாகத் தோன்றும். இரண்டையும் செய்த பிறகும் கை வலித்தால், ஆம், அது கட்டைதான்.

மார்ச் 15

ஸ்டாண்டு. எக்ஸ் வடிவம் ஆடும், முழங்காலும் இடிக்கும். இசட் வடிவமோ மேசை வடிவமோ எடுங்கள். வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72-74 செ.மீ.யில் இருக்க வேண்டும். 75 செ.மீ. உயர எழுத்து மேசைமேல் 14 செ.மீ. தடிமனான கீபோர்டை வைத்தால் 89 ஆகிவிடும். தோள் தூக்கியே வாசிக்க நேரும், அரை மணியில் மணிக்கட்டு பேசும்.

ஹேமர் கீபோர்டில் கட்டை அடியில் முட்டும் "டொக்" சத்தம் இருக்கும். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு மைக்கில் அது ஏறும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டால் தரைவழி அதிர்வு குறையும், காற்றுவழி வருவது குறையாது.

மார்ச் 18

கேட்டவர் திரும்பி வந்து, மேசைக்குப் பதிலாகத் தனி ஸ்டாண்டு வைக்க 140 செ.மீ. சுவர் ஒதுக்கிவிட்டதாகவும், இரண்டு மாடலுக்கு இடையே நிற்பதாகவும் சொல்கிறார். ஒன்றில் ஃபேடரும் பேடும் நிறைய, உள்ளே அழுத்தினால் கட்டை இறுகுகிறது. மற்றதில் ஒன்றுமில்லை, கட்டை அருமை.

முக்கால்வாசி பியானோ என்று நீங்களே முதல் நாள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதை எடுங்கள். இரண்டு ஃபேடர் உள்ள சின்னப் பெட்டி ஒன்றைத் தனி யூஎஸ்பியில் போட்டு, ட்ராக்கின் மிடி உள்ளீட்டை "எல்லாம்" என்று வைத்தால் இரண்டும் ஒரே ட்ராக்கில் பதிவாகும். டிரம்ஸையும் ஹேமர் கட்டையில் தட்ட வேண்டாம், கட்டை ஏறி வருவதற்குள் ரோல் தடுமாறும். அதற்குப் பேடு உள்ள பெட்டியாகப் பார்த்து எடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றில் முடியும்.

வந்ததும் பெட்டி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் நாளே மிடி எண் 21 முதல் 108 வரை எல்லாச் சுரத்தையும் மெதுவாக, ஒரே அளவில், ஒவ்வொன்றும் மூன்று முறை பதிவு செய்யுங்கள். எண்களில் ஒரு கட்டை மட்டும் மூன்று முறையும் 20-க்கு மேல் விலகி நின்றால் அதைக் குறித்துவைத்து, திருப்பித் தரும் கெடுவுக்குள் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அறைச் சூட்டுக்குக் கட்டைகள் பழகிய பிறகு இன்னொரு முறை அதே சோதனை. பெடலையும் சேர்த்து.

மார்ச் 18, இரவு

விட்டுப்போனது ஒன்று. சோதனைக்குக் கணினியின் பின்பக்க யூஎஸ்பியில் நேரடியாகப் போடுங்கள். மின்சாரம் போதாத ஹப்பில் போட்டால் கீபோர்டு இடையிடையே இணைப்பு அறுந்து மறுபடி சேரும், நல்ல கீபோர்டைப் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.